நிலைத்தன்மைக்குச் செய்த செலவு இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக ஏறுமா?

பேரேடு

வணக்கம். கேள்வியை நேராகவே வைக்கிறேன். ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளாக நிலைத்தன்மைக்கென்று (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புக்கென்று) ஆறு இனங்களில் செலவு செய்திருக்கிறது: சரக்குத் தருபவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி, ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழ், உமிழ்வைக் கணக்கிடும் மென்பொருள், மறுசுழற்சிக்கு ஏற்ற பொதியுறைக்கான ஆராய்ச்சி, கார்பன் கிரெடிட் (வேறிடத்தில் குறைத்த உமிழ்வுக்கான சான்று), இவற்றையெல்லாம் வாடிக்கையாளர்களிடம் எடுத்துச்சொல்ல விளம்பரம்.

நிர்வாகம் சொல்வது இது: "எல்லாமே நம் நற்பெயரைத்தான் வளர்க்கின்றன. நற்பெயர் புலனாகாச் சொத்து, அதாவது கையால் தொட முடியாத சொத்து. ஆகவே மொத்தத்தையும் சொத்துப் பக்கம் கொண்டுபோங்கள்."

எது ஏறும், எது ஏறாது, ஏறாததை எங்கே காட்டுவது? பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகளைப் (ஐ.எஃப்.ஆர்.எஸ்.) பின்பற்றும் நிறுவனம் என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

தணிக்கைப் பேனா

பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 38-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். புலனாகாச் சொத்து என்று ஒன்றை ஏட்டில் ஏற்ற முதலில் மூன்று கேள்விகள். தனியாகப் பிரித்து அடையாளம் காட்ட முடியுமா, அல்லது ஒப்பந்தம், சட்டம் வழியாக வந்த உரிமையா? அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? அதிலிருந்து வருங்காலப் பயன் வருமா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் செலவை நம்பகமாக அளக்க முடியுமா என்ற அடுத்த கேள்விக்கே போகலாம். நிர்வாகம் பார்ப்பது மூன்றாவதை மட்டும்.

பயிற்சி இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும். பயிற்சி பெற்றவர் நாளை வேலையை விட்டால் திறமையும் கூடவே போகும். தரநிலையும் பயிற்சிச் செலவையும் விளம்பரச் செலவையும் பெயர் சொல்லியே வருவாயினச் செலவு, அதாவது அந்தந்த ஆண்டின் செலவு என்கிறது. வாதத்துக்கு இடமே இல்லை.

ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் மூன்றாண்டுச் சுழற்சி, நடுவே ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை. அதைத் தனியே விற்க முடியாது, வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. இலாப நட்டக் கணக்கில் போடுவதுதான் பாதுகாப்பு.

மென்பொருளில் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது. உரிமம் வாங்கி உங்கள் கணினியில் நிறுவி, தேவைப்பட்டால் வேறு இடத்திலும் ஓட்ட முடியுமென்றால் சொத்து. இணையவழிச் சந்தா என்றால் அது சேவை, மாதாமாதம் செலவு. சந்தா மென்பொருளை உங்கள் தேவைக்கேற்ப அமைத்துத் தர வாங்கும் கட்டணத்தைச் சொத்தாக்குவதுதான் பல நிறுவனங்கள் செய்யும் தவறு. தரநிலைகளுக்கு விளக்கம் தரும் பன்னாட்டு விளக்கக் குழு 2021-ல் இதைத் தெளிவாக்கிவிட்டது: அந்த அமைப்புவேலையால் உங்கள் கட்டுப்பாட்டில் தனி நிரல் எதுவும் உருவாகவில்லையென்றால் அதுவும் செலவே.

பொதியுறை ஆராய்ச்சியில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டம் முழுக்கச் செலவு. வளர்ச்சிக் கட்டத்தில் ஆறு நிபந்தனைகளும் நிறைவேறிய நாளிலிருந்து ஆகும் செலவு மட்டும் சொத்து. தொழில்நுட்ப ரீதியில் முடிக்க முடியும், முடிக்கும் எண்ணம் இருக்கிறது, பயன்படுத்தவோ விற்கவோ முடியும், எப்படிப் பணம் வரும் என்று காட்ட முடியும், முடிக்கத் தேவையான பணமும் ஆளும் இருக்கின்றன, செலவைத் தனியாக அளக்க முடியும். இவை ஆறும்.

கோளாறு வருவது அந்த "நாளில்"தான். மொத்தம் 60 செலவானது, அதில் 35 அந்த நாளுக்கு முன், 25 பின் என்றால் 25 மட்டுமே ஏறும். முன்பு செலவாக எழுதிய 35-ஐ, திட்டம் வெற்றி பெற்ற பிறகு, திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆண்டு முடிவில் உட்கார்ந்துகொண்டு "மார்ச்சிலேயே நிறைவேறிவிட்டது" என்றால் எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். அன்றைக்கே சோதனைக்கூட அறிக்கையோடு கூட்டக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திட்டத்துக்குத் தனிக் குறியீடு கொடுத்து, வேலை செய்பவர்களின் மணிநேரத்தை வாராவாரம் அந்தக் குறியீட்டில் பதியுங்கள். மணிநேரப் பதிவு இல்லாவிட்டால் ஆறாவது நிபந்தனை போச்சு. அது போனால் மற்ற ஐந்தும் இருந்தும் பயனில்லை.

சொந்தமாக வளர்த்த பிராண்டு, வாடிக்கையாளர் பட்டியல், நற்பெயர் மூன்றையும் ஏட்டில் ஏற்றவே கூடாது என்று தரநிலை தடுக்கிறது. நிர்வாகத்தின் "மொத்தமும் நற்பெயர்" வாதம் அங்கேயே முடிகிறது.

கார்பன் கிரெடிட்டைத் தனியாகப் பேசுவோம்.

விதைநெல்

//சொந்தமாக வளர்த்த பிராண்டு ... ஏற்றவே கூடாது//

அப்படியானால் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்களின் மதிப்பில் 90 சதவீதம் புலனாகாச் சொத்து என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? ஏடு பொய் சொல்கிறதா, மேடை பொய் சொல்கிறதா?

தராசு முள்

இரண்டும் பொய் இல்லை. அளப்பது வேறு வேறு. அந்த எண் ஓஷன் டோமோ என்ற நிறுவனத்தின் கணக்கு: 1975-ல் 17 சதவீதம், 2020-ல் 90. கணக்கிடும் முறை எளிது. பங்குச்சந்தை மதிப்பிலிருந்து கட்டடம், இயந்திரம், சரக்கு, ரொக்கம் போன்ற புலனாகும் நிகரச் சொத்தைக் கழி, மிச்சம் புலனாகாதது. அதாவது அது ஒரு மீதித்தொகை. சந்தை ஒரு மாதத்தில் 20 சதவீதம் சரிந்தால் தொழிற்சாலையின் மதிப்பு அப்படியே இருக்கும், இந்த மீதி மட்டும் சுருங்கும். ஒரு காப்புரிமைகூடக் காலாவதியாகியிருக்காது, ஒரு வாடிக்கையாளர்கூடப் போயிருக்கமாட்டார். ஆகவே அந்தச் சதவீதத்தை வைத்து "நிலைத்தன்மையால் இவ்வளவு மதிப்பு கூடியது" என்று யாரும் காட்ட முடியாது.

மதிப்பு உண்மையிலேயே வேண்டுமென்றால் ஒவ்வொரு சொத்தையும் தனியே மதிப்பிட வேண்டும். பிராண்டுக்கு அதிகம் பயன்படுவது ராயல்டி தவிர்ப்பு முறை. இந்தப் பெயர் நம்முடையதாக இல்லாமல் வாடகைக்கு எடுத்திருந்தால் எவ்வளவு ராயல்டி கொடுத்திருப்போம், அதுதான் மிச்சம் பிடித்த தொகை என்பது அடிப்படை. அடுத்த ஆண்டு விற்பனை 100, ராயல்டி 4 சதவீதம், வரி 25 சதவீதம் என்றால் வரிக்குப் பின் 3. டிஸ்கவுண்ட் விகிதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 14 சதவீதம், நிரந்தர வளர்ச்சி 5 சதவீதம் என்றால் 3-ஐ 0.09-ஆல் வகுக்க, 33.3.

இப்போது நிலைத்தன்மை உள்ளே வருகிறது. நல்ல பெயர் கிடைத்திருக்கிறது, ஆகவே ராயல்டி 5 சதவீதம் என்கிறார் விற்பனைத் தலைவர். வளர்ச்சியும் கூடும், 6 வைக்கலாம் என்கிறார் திட்டப்பிரிவு. இடர் குறைந்துவிட்டது, டிஸ்கவுண்ட் 13 போதும் என்கிறார் நிதிப்பிரிவு. ஒவ்வொன்றும் ஒரு சதவீதம்தான். கணக்கைப் போடுங்கள்: 3.75-ஐ 0.07-ஆல் வகுத்தால் 53.6. மதிப்பு 61 சதவீதம் ஏறிவிட்டது! ஒரே காரணம் மூன்று வாசல் வழியாக மூன்று முறை நுழைந்திருக்கிறது.

ஒரு பயன் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். விலை கூடுதலாகக் கிடைக்கிறதென்றால் ராயல்டியில் வையுங்கள். அதற்கு அதே வகைப் பொருளின் உரிம ஒப்பந்தங்களை ஆதாரமாகக் காட்டுங்கள். அதை மட்டும் மாற்றினால் 41.7, அதாவது 25 சதவீத உயர்வு. அதுவே பெரிய உயர்வு, அதற்கே வலுவான சான்று வேண்டும்.

டிஸ்கவுண்ட் விகிதத்தில் கை வைப்பதுதான் என் பார்வையில் மிக ஆபத்து. நிலைத்தன்மை இலக்கோடு இணைந்த பத்திரங்களில் இலக்கு தவறினால் வட்டியை 0.25 சதவீதம் கூட்டுவது பரவலான வழக்கம். சந்தையே அவ்வளவுதான் விலை வைக்கும்போது முழு 1 சதவீதத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஊருணி

தராசு முள் ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் நற்பெயரை ராயல்டியாக மட்டும் பார்த்தால் அது உடையும்போது என்ன ஆகும் என்பது கணக்கில் வருவதே இல்லை. ஃபோக்ஸ்வாகனைப் பாருங்கள். 2015 செப்டம்பர் 18-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவிக்கை கொடுத்தது. சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் ஓடும்படி மென்பொருள். சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வாகனங்கள். அடுத்த இரண்டு வர்த்தக நாட்களில் பங்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. இதை எந்த இருப்புநிலைக் குறிப்பு முன்கூட்டிச் சொன்னது?

தணிக்கைப் பேனா

நல்ல எடுத்துக்காட்டு. அதிலேயே பேரேடு கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. அந்த நிறுவனம் உடனே எழுதியது 650 கோடி யூரோ ஒதுக்கீடு, அதாவது வரப்போகும் செலவுக்காக முன்கூட்டியே எழுதும் பொறுப்பு. பிறகு அபராதம், திரும்ப வாங்கல், இழப்பீடு எல்லாம் சேர்ந்து 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. அத்தனையும் பொறுப்புப் பக்கத்திலிருந்து வந்தவை. சொந்தமாக வளர்த்த பெயர் ஏட்டில் சொத்தாக இல்லாததால் அந்தப் பெயருக்கு விழுந்த அடியைக் காட்டத் தனி வரியே கிடையாது.

பக்கத்திலேயே கிராஃப்ட் ஹெய்ன்ஸை வையுங்கள். 2015-ல் இணைப்பு நடந்தபோது கிராஃப்ட், ஆஸ்கர் மேயர் பெயர்கள் வாங்கிய சொத்தாக ஏட்டில் ஏறின. 2019 பிப்ரவரியில் அந்தப் பெயர்களும் நற்பெயருமாக (இங்கே நற்பெயர் என்பது நிறுவனத்தை வாங்கும்போது சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) 1,540 கோடி டாலர் மதிப்புக் குறைப்பு. அந்தக் குறைப்புக்குக் காரணம் உமிழ்வு மோசடி இல்லை, எதிர்பார்த்த இலாபம் குறைந்ததுதான். ஆனாலும் ஏட்டில் பெரிய பள்ளம், ஏனென்றால் ஏட்டில் இருந்தது.

ஆகவே ஏட்டில் ஏற்றுவது பெருமை மட்டும் இல்லை. காலவரையற்ற ஆயுள் என்று வைத்த பிராண்டையும் நற்பெயரையும் ஆண்டுதோறும் மதிப்பிழப்புச் சோதனைக்கு (ஏட்டில் உள்ள மதிப்பு இன்னும் தகுமா என்ற சோதனைக்கு) உட்படுத்த வேண்டும். பிராண்டுக்குக் குறைத்ததைப் பின்னாளில் மீட்கலாம். நற்பெயருக்குக் குறைத்ததை மீட்கவே முடியாது.

ஊருணி

ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிறுவனத்தின் மதிப்பைத் தொடாத பாதிப்பும் பாதிப்புதான். கழிவுநீர் போய்ச் சேரும் ஓடையின் கீழ்ப்பக்கம் இருப்பவர்களுக்கு உங்கள் டிஸ்கவுண்ட் விகிதம் தெரியாது. 1997-ல் தொடங்கிய ஜி.ஆர்.ஐ. அமைப்பின் நிலைத்தன்மை அறிக்கைத் தரநிலைகள் நிறுவனம் வெளியே என்ன செய்கிறது என்று கேட்கின்றன. 2023 ஜூனில் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்1, எஸ்2 என்ற நிலைத்தன்மைத் தரநிலைகள் வெளியே நடப்பது நிறுவனத்தை எப்படிப் பாதிக்கும் என்று முதலீட்டாளருக்காகக் கேட்கின்றன. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாகச் சொல்லக் கூடாது. முதலீட்டாளருக்கு முக்கியமில்லை என்று ஒரு ஓடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் வேலை இப்போது நிறைய நடக்கிறது. அது தவறு.

கரிப்புகை

மதிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அடியில் இருக்கும் அளவீடு சரியாக இல்லாவிட்டால் மேலே கட்டிய எல்லாம் ஆட்டம் காணும். பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிடும் ஜி.எச்.ஜி. நெறிமுறையில் ஸ்கோப் 1 சொந்த எரிபொருள், சொந்தக் கசிவு. ஸ்கோப் 2 வாங்கிய மின்சாரம். ஸ்கோப் 3 மற்ற எல்லாம், 15 பிரிவுகள். பலரும் ஸ்கோப் 3 கடினம், ஸ்கோப் 1 எளிது என்று நினைக்கிறார்கள். ஸ்கோப் 1-லேயே பெரிய ஓட்டை குளிரூட்டும் வாயு.

ஒரு குளிர்பதன அறையில் ஆர்-404ஏ வாயு ஓடுகிறது என்று வையுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் உருளைகளில் 30 கிலோ. ஆண்டில் வாங்கியது 24 கிலோ. ஆண்டு முடிவில் மீதி 34 கிலோ. ஆக வெளியே போனது 20 கிலோ. அதில் 8 கிலோ புதிதாக வாங்கிய இயந்திரத்தை நிரப்பப் போனது, அது கசிவு இல்லை. மிச்சம் 12 கிலோ காற்றோடு போயிருக்கிறது. பழைய இயந்திரத்தைக் கழற்றியிருந்தால் அதன் முழு வாயுக் கொள்ளளவைக் கூட்டி, அதிலிருந்து உறிஞ்சி எடுத்துத் திருப்பி அனுப்பியதைக் கழிக்க வேண்டும்.

12 கிலோதானே என்று தோன்றும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைப்படி ஆர்-404ஏ-யின் நூறாண்டு வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 4,728 மடங்கு. பெருக்கினால் சுமார் 56.7 டன் கார்பன் டை ஆக்சைடு நிகர். ஒரு லிட்டர் டீசல் எரித்தால் சுமார் 2.68 கிலோ. அதாவது அந்த 12 கிலோ, 21,000 லிட்டருக்கும் மேல் டீசல் எரித்ததற்குச் சமம். டீசலுக்கு லிட்டர் லிட்டராகப் பதிவேடு வைத்திருப்பார்கள். வாயுவுக்குப் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் பில் மட்டும் இருக்கும், அதில் "வாயு நிரப்பியது" என்று ஒரு வரி.

அதே 12 கிலோவை நான்காவது அறிக்கையின் 3,922 என்ற எண்ணால் பெருக்கினால் 47.1 டன். ஒரு ஆண்டு பழைய எண், மறு ஆண்டு புதிய எண் என்று போனால் கசிவு மாறாமலேயே 20 சதவீதம் ஏறியதாகத் தெரியும். எஸ்2 அறிக்கை நாளில் கிடைக்கும் ஐ.பி.சி.சி.யின் அண்மை எண்களைக் கேட்கிறது. எண்ணை மாற்றினால் அடிப்படை ஆண்டையும் அதே எண்ணால் திரும்பக் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு செல்லாது.

ஸ்கோப் 2-வுக்கு 2015 வழிகாட்டி இரண்டு எண்களைக் கேட்கிறது: மின்வலையின் சராசரியை வைத்து ஒன்று, நீங்கள் செய்த பசுமை மின் ஒப்பந்தத்தை வைத்து ஒன்று. இரண்டாவதை மட்டும் போட்டு "மின்சார உமிழ்வு பூஜ்யம்" என்று விளம்பரம் செய்வது பசுமை வேடத்தின் முதல் படி.

ஸ்கோப் 3-ல் வாங்கிய பொருளைப் பணமதிப்பால் பெருக்கிக் கணக்கிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஃகு விலை 15 சதவீதம் ஏறினால் நீங்கள் வாங்கிய எடை மாறாமலேயே உமிழ்வு 15 சதவீதம் ஏறும். விலை இறங்கினால் ஒன்றும் செய்யாமல் சாதனை. குறைந்தபட்சம் அதிக எடையுள்ள பத்துப் பொருள்களையாவது டன் கணக்குக்கு மாற்றுங்கள்.

விதைநெல்

ரேட்டிங் நிறுவனங்கள் தரும் இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) மதிப்பெண்ணை அப்படியே எடுத்து மதிப்பீட்டில் பயன்படுத்தலாமா? நேரம் மிச்சமாகுமே.

தராசு முள்

வேண்டாம். 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு ரேட்டிங் நிறுவனங்களின் மதிப்பெண்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.54, எல்லை 0.38 முதல் 0.71 வரை. ஒருவர் எதை அளக்கிறார், எப்படி அளக்கிறார் என்பதே வேறுபடுகிறது. யாருடைய எண்ணை எடுத்தீர்களோ அதற்கேற்ப பிராண்டு மதிப்பு மாறும் என்றால் அதை மதிப்பு என்று எப்படிச் சொல்வது? உங்கள் சொந்தப் பதிவேடு எந்த ரேட்டிங்கையும் விட நம்பத்தக்கது.

பேரேடு

கார்பன் கிரெடிட் பாக்கி இருக்கிறது. கூடவே இன்னொன்று: 2050-க்குள் நிகர பூஜ்யம் (வெளியிடும் உமிழ்வும் அகற்றும் உமிழ்வும் சமம்) என்று இணையதளத்தில் போட்டாயிற்று. அதற்கு இப்போதே ஒதுக்கீடு எழுத வேண்டுமா?

தணிக்கைப் பேனா

கிரெடிட்டுக்கு என்றே தனித் தரநிலை இன்னும் இல்லை. 2004 டிசம்பரில் ஐ.எஃப்.ஆர்.ஐ.சி. 3 என்று உமிழ்வு உரிமங்களுக்கு ஒரு விளக்கம் வந்தது. சொத்து ஒரு அளவையில், பொறுப்பு வேறொரு அளவையில் என்று இலாபம் தாறுமாறாக ஏறி இறங்கியதால் 2005 ஜூனில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அன்றிலிருந்து நிறுவனம் ஒரு கொள்கையைத் தேர்ந்து, குறிப்புகளில் விளக்கி, ஆண்டுதோறும் அதையே பின்பற்ற வேண்டும்.

நடைமுறையில் நோக்கத்தைப் பாருங்கள். வாங்கி விற்பது தொழில் என்றால் சரக்கு. சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய உமிழ்வு உரிமம் என்றால் பெரும்பாலும் புலனாகாச் சொத்து, ஒப்படைக்கும் நாளில் கழியும். தன் விருப்பத்தால் வாங்கி உடனே ஓய்வுக்கு அனுப்பிய (பயன்படுத்தியாயிற்று என்று பதிவகத்தில் மூடிய) கிரெடிட் செலவுதான். ஓய்வு பெற்ற கிரெடிட்டை மறுபடி விற்கவோ பயன்படுத்தவோ முடியாது.

கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கவனமாகப் பாருங்கள். வாங்கிய பில் மட்டும் போதாது. பதிவகத்தின் ஓய்வுச் சான்று வேண்டும். அதில் தொடக்க, முடிவு வரிசை எண், எந்த ஆண்டில் குறைந்த உமிழ்வு, யார் சார்பாக ஓய்வு என்று உங்கள் நிறுவனத்தின் பெயர், இவை எல்லாம் இருக்க வேண்டும். "யார் சார்பாக" என்ற இடத்தில் தரகரின் பெயர் இருந்தால் அந்தக் கிரெடிட்டை நீங்கள் கோரவே கூடாது. அதைத் தரகர் வேறு நான்கு பேருக்கும் காட்டியிருக்கலாம்.

கிரெடிட்டை ஸ்கோப் 1 எண்ணிலிருந்து கழித்துக் காட்டாதீர்கள். மொத்த உமிழ்வு தனி வரி, கிரெடிட் தனி வரி. நிகர இலக்கு வைத்தால் மொத்த இலக்கையும் தனியே சொல்ல வேண்டும் என்று எஸ்2 கேட்கிறது.

நிகர பூஜ்ய அறிவிப்புக்கு: விளக்கக் குழு 2024 ஏப்ரலில் இதே கேள்விக்குப் பதில் தந்திருக்கிறது. அறிவிப்பு பிறர் மனத்தில் உறுதியான எதிர்பார்ப்பை உண்டாக்கியிருக்கிறதா என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. உண்டாக்கியிருந்தாலும் ஒதுக்கீடு எழுதக் கடந்தகால நிகழ்வு வேண்டும். வருங்காலத்தில் வெளியிடப்போகும் உமிழ்வு இன்னும் நடக்கவே இல்லை, ஆகவே இன்று ஒதுக்கீடு இல்லை. ஆனால் அந்த இலக்கால் ஓர் உலையைப் பத்து ஆண்டு முன்னதாகவே நிறுத்தப்போகிறீர்கள் என்றால் அதன் ஆயுளைக் குறைத்துத் தேய்மானத்தை உடனே மாற்ற வேண்டும். இணையதளத்தில் 2035-ல் நிறுத்தம், தேய்மான அட்டவணையில் 2045 வரை ஆயுள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கோப்புகளில் இப்படி இரண்டு தேதிகள் இருப்பதைத் தணிக்கையாளர்கள் இப்போது தேடிப் பார்க்கிறார்கள்.

கரிப்புகை

அறிவிப்பின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனங்களின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்.பி.டி.ஐ. அமைப்பின் நிகர பூஜ்யத் தரநிலைப்படி பெரும்பாலான துறைகளுக்கு 90 சதவீதமாவது உண்மையாகவே குறைக்க வேண்டும். மிச்சத்துக்குத்தான் காற்றிலிருந்து அகற்றும் வழி. கிரெடிட் வாங்கியே பூஜ்யம் என்பது அந்தத் தரநிலையில் ஏற்கப்படாது.

பேரேடு

புரிகிறது. அப்படியானால் ஏட்டில் ஏறாத பயனை எந்த உருவத்தில் காட்டுவது? நிர்வாகத்திடம் "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது.

தராசு முள்

நிதி அறிக்கையோடு வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கையில் காட்டுங்கள். ஆனால் பொதுப்படையாக வேண்டாம். ஒவ்வொரு நடைமுறைக்கும் ஒரு வரி: என்ன செய்தோம், எந்த அளவீடு மாறியது, அதற்கு எந்த ஆவணம், பணவரவில் எந்த இடத்தைத் தொடுகிறது, யார் கையெழுத்து. ஆவணம் இல்லாத வரியை நீக்கிவிடுங்கள்.

ஒரு வரியை முழுக்கப் போட்டுக் காட்டுகிறேன். பெரிய வாங்குநர்கள் இப்போது சரிபார்க்கப்பட்ட உமிழ்வுத் தரவு தராதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள். உங்களிடம் அந்தத் தரவு இருப்பதால் வாடிக்கையாளர் இழப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது என்று வையுங்கள். இழப்பு 10 சதவீதம் என்றால் ஓர் உறவின் சராசரி ஆயுள் 10 ஆண்டு, 8 சதவீதம் என்றால் 12.5 ஆண்டு. அந்த உறவுகளிலிருந்து, மற்றச் சொத்துகளின் பங்கைக் கழித்தபின், அடுத்த ஆண்டு வரும் உபரி 10, டிஸ்கவுண்ட் 12 சதவீதம் என்றால் மதிப்பு 10-ஐ 0.22-ஆல் வகுக்க 45.5. இழப்பு 8 ஆனால் 0.20-ஆல் வகுக்க 50. இரண்டு புள்ளி மாற்றம், பத்து சதவீத மதிப்பு.

இந்த 50-ம் சொந்தமாக வளர்ந்த உறவு என்பதால் ஏட்டில் ஏறாது. நாளை யாராவது இந்த நிறுவனத்தையே வாங்கினால், நிறுவனத்தை வாங்குவதற்கான தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். 3-ன்படி அவர்கள் இதை நற்பெயரிலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக எழுதுவார்கள். அன்றைக்கு மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கோப்பு வாடிக்கையாளர் பதிவேடு: யார் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்த ஆண்டு போனார், ஏன் போனார். "ஏன்" என்ற பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும். அது காலியாக இருந்தால் இழப்பு குறைந்தது உமிழ்வுத் தரவாலா, விலையைக் குறைத்ததாலா, போட்டியாளர் கடையை மூடியதாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. மூன்று ஆண்டுப் பதிவாவது இல்லாமல் இந்த வரியை வெளியிட வேண்டாம்.

தணிக்கைப் பேனா

வெளியிடுவதற்கு முன் வெளித் தணிக்கையாளரிடம் எந்த அளவு உறுதி வாங்கப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். வரையறுக்கப்பட்ட உறுதி என்றால் "தவறு என்று காட்டும் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை" என்ற தொனியில் வரும். நியாயமான உறுதி என்றால் நிதித் தணிக்கை போல ஆழமான சோதனை. முதல் ஆண்டு வரையறுக்கப்பட்டது போதும். ஆனால் அதை வாங்கிவிட்டு "முழுமையாகத் தணிக்கை செய்யப்பட்டது" என்று அட்டையில் அச்சிடாதீர்கள்.

ஊருணி

அந்த அட்டவணையில் பணவரவைத் தொடாத வரிகளுக்கும் இடம் விடுங்கள். ஓடைக்கு விடும் நீரின் அளவு, அதன் ரசாயன ஆக்சிஜன் தேவை (நீரின் மாசைக் காட்டும் அளவு), எத்தனை நாள் வரம்பைத் தாண்டியது. "பணவரவு" என்ற இடத்தில் கோடு போட்டுவிடுங்கள், வரியை மட்டும் எடுக்காதீர்கள். மாதச் சராசரியும் போடாதீர்கள். சராசரி வரம்புக்குள் இருக்கும், நான்கு நாள் மூன்று மடங்கு போயிருக்கும். மீன் சாவது அந்த நான்கு நாளில்தான்.

பேரேடு

அனைவருக்கும் நன்றி. ஆறு இனங்களில் பொதியுறையின் பிற்பகுதிச் செலவு மட்டும் சொத்து. மென்பொருள் ஒப்பந்தத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். கிரெடிட்டுக்கு ஓய்வுச் சான்றைக் கேட்க வேண்டும். கடைசியாக ஒன்று. பதிவேடுகளில் எதை முதலில் சரிசெய்வது? ஆள் குறைவு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட முடியாது.

கரிப்புகை

வாயு உருளையிலிருந்து தொடங்குங்கள். ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். ஒப்பந்தக்காரர் வந்ததும் உருளையை எடை போடுங்கள், நிரப்பி முடித்ததும் மறுபடி எடை போடுங்கள். தேதி, இயந்திர எண், வாயுவின் வகை, முன் எடை, பின் எடை, இருவர் கையெழுத்து. பில்லில் இருக்கும் எடையை எடுக்காதீர்கள். பல பில்களில் முழு உருளை எடைதான் இருக்கும், பாதி வாயு உருளையோடே திரும்பிப் போயிருக்கும். வெற்று உருளையின் எடை அதன் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும், முதல் நாளே அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இயந்திரத்துக்கு ஆண்டில் இரண்டாம் முறை நிரப்ப வேண்டி வந்தால், நிரப்புவதற்கு முன் கசிவைத் தேடச் சொல்லுங்கள்.